தூற்றுவதற்கு உதவாத காற்று

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கத்திரி வெயில் பற்றிய உங்கள் செய்தியைப் படித்ததும் வேதாகமத்தில் எரேமியா 4-ஆம் அதிகாரம்தான் நினைவுக்கு வந்தது. வனாந்தரத்து மேடுகளிலிருந்து தீக்காற்று வருமாம். அது தூற்றவும் உதவாது, சுத்தம் செய்யவும் உதவாது. பிரசங்கத்தில் கேட்டால் வெறும் மிரட்டல் போலிருக்கும். நான் கே.வி.குப்பத்தில் கேழ்வரகு தூற்றியவன். அளவான காற்றுக்கு முறத்தைத் தோளுக்கு மேல் தூக்கிச் சாய்த்தால் போதும். மணி காலடியில் விழும், பதர் அப்பால் போகும். வேகம் கூடினால் மணியும் சேர்ந்து பறக்கும். அம்மா முறத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துவிடுவார். யூதா நாட்டின் மேல் வந்த கடவுளின் தீர்ப்பும் அந்த மாதிரிக் காற்றுதான்.

அப்புறம் ஆமோஸ் 4:7. ஒரு ஊரில் மழை, இன்னொரு ஊரில் இல்லை. காட்பாடியில் கொட்டும்போது சத்துவாச்சாரி காய்வதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு விளக்கவுரை எதற்கு?

– கே.வி.குப்பம் வாசகர், வேலூர் மாவட்டம்