முதல் பத்தியை அடித்துவிடு, கண்ணு

கண்ணு,

அமெரிக்கப் பல் மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்துக்கு நீ எழுதி அனுப்பிய கட்டுரையைத் தம்பி வரி வரியாகத் தமிழில் சொல்லக் கேட்டேன். இடைவெளியையும் சேர்த்து 4500 எழுத்துக்குள் முடிக்க வேண்டுமாமே. அந்தக் கொஞ்ச இடத்தில் முதல் பத்தியே பொய். சின்ன வயதிலிருந்து பல் டாக்டர் கனவாம், உனக்கு! பல் பிடுங்கக் கூட்டிப்போன அன்றைக்கு நாற்காலியிலிருந்து குதித்து பஸ் ஸ்டாப் வரை ஓடியவள் நீ.

ஏழு வருஷ சாஃப்ட்வேர் வேலையை 'நிறைவில்லை' என்று ஒரே வரியில் தள்ளியிருக்கிறாய். படிக்கிறவர், இதையும் ஏழு வருஷத்தில் விட்டுவிடுவாளோ என்றுதான் யோசிப்பார். பட்டறைக்கு ஆள் எடுக்கும்போது நானும் அப்படித்தான் யோசிப்பேன். பிழை எங்கே ஒளிந்திருக்கிறது என்று நாள் கணக்கில் தேடிக்கொண்டு கிடப்பாயே, அந்தப் பொறுமையை எழுது. அது அங்கே கற்றதுதானே?

உண்மையில் நீ மாறியது 2022 லீவில். அம்மாயிக்குக் கீழ்ப் பல் செட் ஈறை அறுத்தது. டாக்டர் நீலக் காகிதத்தைக் கடிக்கச் சொல்லி, நீலம் அழுத்தமாகப் பதிந்த இடத்தை மட்டும் ராவினார். மறுபடி கடி, மறுபடி ராவு. மேல் செட் அண்ணத்தில் ஒட்டி நிற்கும், கீழே அந்தப் பிடிமானம் கிடையாது, நாக்கு வேறு தள்ளிக்கொண்டே இருக்கும் என்று அவர் சொல்லச் சொல்ல நீ கேள்வி மேல் கேள்வி கேட்டாய். எனக்கு என் லேத்துதான் ஞாபகம் வந்தது. ஒரு மயிரிழை கூடினால் பேரிங் உட்காராது. அன்று ராத்திரி அம்மாயி முறுக்கு கேட்டதையும் எழுது.

அப்புறம், கம்ப்யூட்டர் குரூப். ப்ளஸ் ஒன்னில் நீ பயாலஜி கேட்டாய், மாற்றிப் போட்டது நான். பயாலஜி பிடித்துக் கேட்டாயா, தோழி சேர்ந்தாள் என்று கேட்டாயா, அது உனக்குத்தான் வெளிச்சம். அப்போதெல்லாம் பயாலஜி எடுக்காதவர்களுக்கு இங்கே ப்ளஸ் டூவோடு டாக்டர் படிப்பின் கதவைச் சாத்திவிடுவார்கள். அங்கே வேறு பட்டம் வாங்கியவரும் பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் பாடங்களை முடித்துவிட்டு, நுழைவுத் தேர்வு எழுதி வரலாம் என்று நீ சொன்னபோது எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. தேவைப்பட்டால் எழுது, அப்பாவை மறைக்க வேண்டாம். ஆனால் பழியாக எழுதாதே, அவர்களுக்கு அது எதற்கு?

வேலை முடித்து மாலை வகுப்பில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி படித்து முதல் தடவை சி வாங்கினாயே, அதற்கும் ஒரு வரி கொடு. மார்க் ஷீட்டில் எப்படியும் பார்ப்பார்கள். சனிக்கிழமை இலவச கிளினிக்கில் நின்று பார்த்ததை எண்ணிக்கையாகச் சொல்லாமல், ஒரு நோயாளியைப் பற்றிச் சொல். பெயர் வேண்டாம்.

அந்த நுழைவுத் தேர்வில் காகிதத்தை மடித்து ஓட்டை போட்டு, விரித்தால் எங்கெங்கே ஓட்டை இருக்கும் என்று கேட்பார்களாமே. தம்பி காட்டினான். எட்டு வயதில் என் டிராயிங் தாள்களைக் கத்தரித்து அதைத்தானே செய்தாய்? இரண்டு அடி வாங்கியதும் அதற்குத்தான்.

நாலு வருஷத்துக்கான ஃபீஸைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை பேசுவோம். மாப்பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொள். அம்மாயியின் கீழ் செட் மறுபடி லூசாகிவிட்டது. நீ வந்து பார்க்கட்டும் என்று கிண்ணத்துத் தண்ணீரிலேயே போட்டு வைத்திருக்கிறது கிழவி.

அப்பா