சிவகாமிக்கு இழைக்கப்பட்ட அநீதியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

1944இல் கல்கி தொடராக எழுதத் தொடங்கிய 'சிவகாமியின் சபதம்' புதினம் குறித்து வாசகர்கள் தெரிவித்திருந்த கருத்துகளைப் படித்தேன். காதலித்த நடனக் கலைஞர் சிவகாமியைச் சாளுக்கியரின் தலைநகரான வாதாபியில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வைத்துவிட்டுப் பாண்டிய இளவரசியை மணந்த பல்லவ மன்னர் மாமல்லரைப் பலர் கடிந்திருந்தனர். அந்தக் கோபம் நியாயமானதே. ஆனால், முடிவையே மாற்றியிருக்க வேண்டும் என்ற அவர்களின் வாதத்தை என்னால் ஏற்க இயலவில்லை.

மாமல்லர் எனப்படும் நரசிம்மவர்மர் வாதாபியை வென்றதும், பரஞ்சோதி என்ற சிறுத்தொண்டர் அப்போரில் பங்கேற்றதும் கல்வெட்டும் பெரியபுராணமும் சொல்லும் செய்திகள்; சிவகாமியோ முழுக்க முழுக்கக் கற்பனைப் படைப்பு. வரலாற்றில் இடமில்லாத அவளை அரியணையில் அமர்த்தக் கல்கிக்கு வழியில்லை. மேலும், ஏகாம்பரநாதர் சந்நிதியில் அப்பரின் திருத்தாண்டகத்துக்கு அவள் தன்னை மறந்து அபிநயம் பிடிக்க, மாமல்லர் சத்தமின்றி வெளியேறும் அந்த இறுதிக் காட்சியைப் பொறுமையாக மீண்டும் படித்துப் பாருங்கள். அங்கே தோற்றவள் சிவகாமி அல்லள். அவள் சிற்பி ஆயனரின் மகள்; கலைதான் அவளுக்கு முதல் உறவு. முதல் பாகத்தின் அரங்கேற்றத்திலேயே அது தெரிந்துவிடுகிறது. போர் வருணனைகள் நீளம் என்ற குறையை மட்டும் நானும் ஒப்புக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்