எங்கள் டிராயிங் டீச்சரின் படங்களுக்கு ஒரு கூடம் வேண்டும்

புதுச்சேரி கலை பண்பாட்டுத் துறை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். நம் ஊரில் ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியை ஒருவரின் படங்களைக் காட்சிக்கு வைக்கக் கேட்டு இதை எழுதுகிறேன். கூச்சப்படுவார், அதனால் பெயர் வேண்டாம். எங்களுக்கு அவர் டிராயிங் டீச்சர்.

சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். பள்ளிக்கூட வேலை என்றால்தான் வீட்டில் சம்மதித்தார்கள். அறிவியல் கண்காட்சி சார்ட், ஆண்டு விழா மேடைத் திரை எல்லாம் அவர் தலையில்தான் விழும். பரீட்சை நெருங்கினால் டிராயிங் பீரியடைக் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்வார். கிடைத்த பீரியடில் ஜன்னலோரம் ஒரு பித்தளைச் சொம்பை வைத்து, "சொம்பை அப்புறம் போடலாம்டி, முதல்ல நிழல் எங்க விழுதுன்னு பாரு" என்பார். அந்த நிழலுக்குள் நீலம் இருப்பதை அவர் காட்டித்தான் பார்த்தோம்.

தன் படங்களை அவர் வரைந்தது ராத்திரியில், அடுப்படி வேலை ஒழிந்த பிறகு. இன்று புதுச்சேரி என்றால் மஞ்சள் சுவரும் காகிதப்பூவும்தான் படமாக விற்கிறது. டீச்சர் வரைந்தது பெரிய வாய்க்காலுக்கு மேற்கே இருக்கிற தமிழர் பகுதியை. திண்ணையில் பூக்கட்டும் கிழவிகள், பெரிய மார்க்கெட்டில் மீன் அரியும் கைகள். மீன்காரம்மா கட்டைவிரலில் சுற்றியிருந்த துணியைக்கூட விடவில்லை. நம் ஊரை இவ்வளவு நெருங்கிப் பார்த்த படங்களை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சென்னையில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரிடம் படித்த கேரள ஓவியர் டி.கே. பத்மினியும் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவர்தான். 1969இல், 30 வயதுகூட நிரம்பாமல், பிரசவத்தில் இறந்தார். படங்கள் பத்திரமாக இருந்ததால்தான் கேரளம் இன்றும் அவரைக் கொண்டாடுகிறது.

டீச்சரின் படங்களோ பீரோமேல் பழைய வேட்டியில் சுற்றிக் கிடக்கின்றன. 2011 டிசம்பரில் தானே புயல் கூரை ஓடுகளைப் பிரித்தபோது சில போயின. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் மழையில் இன்னும் சில. நீர்வண்ணம் நனைந்தால் போனதுதான். கடற்காற்றின் ஈரத்தில் மீதிக் காகிதங்களிலும் பூஞ்சைப் புள்ளி விழ ஆரம்பித்துவிட்டது.

அடுத்த மழைக்காலத்துக்குள் எல்லாவற்றையும் நல்ல கேமராவில் பதிவு செய்ய ஆளனுப்புங்கள். பிறகு ஒரு கூடத்தில் காட்சி வையுங்கள். அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் ஓவியம் படிக்கும் பெண்கள் வந்து பார்க்கட்டும், டீச்சரோடு உட்கார்ந்து பேசட்டும். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது.

டீச்சரிடம் சம்மதம் வாங்கிவிட்டோம். படங்களை இறக்க, தூசி தட்ட, பட்டியல் எழுத நாங்கள் வருகிறோம். தேதியை மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் மாணவி ஒருத்தி,
முத்தியால்பேட்டை