கோடை மணியோசையை நிறுத்த வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை வந்துவிட்டால் இங்கிலாந்தில் தேவாலய மணியடிக்கும் சங்கத்தார் வார இறுதிகளில் ஊர் ஊராகக் கிளம்பிவிடுவார்கள். ஒரே நாளில் ஐந்தாறு கோபுரங்கள், நடுவில் ஒரு பப்பில் மதியச் சாப்பாடு. இதை இரைச்சல் என்று சொல்லி நிறுத்தச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

ஒருமுறை மேலே ஏறிப் பார்க்க வேண்டும். ஆறு அல்லது எட்டுப் பேர் வட்டமாக நிற்பார்கள். ஆளுக்கொரு கயிறு, கைப்பிடிக்கு அதில் வண்ணக் கம்பளிச் சுற்று. வாய் மேலே பார்த்து நிற்கும் மணி, ஒவ்வோர் இழுப்புக்கும் முழு வட்டம் சுற்றி வருகிறது. அடிப்பது பாட்டு அல்ல; மணிகளின் வரிசை மாறிக்கொண்டே போகும். ஏழு மணிகளுக்கு 5,040 வரிசைகள்! முழுவதும் அடிக்க ஏறத்தாழ மூன்று மணி நேரம், அதுவும் தாளைப் பார்க்காமல், மனப்பாடமாக.

முதல் உலகப் போரில் இறந்த மணியடிப்பவர்கள் சுமார் 1,400 பேர். அவர்கள் நினைவாக 2018-இல் அதே எண்ணிக்கையில் புதியவர்களைச் சேர்க்க முயன்றார்கள். கோபுரத்துக்குக் கோபுரம் மணியின் கனமும் கயிற்றின் போக்கும் வேறு. புதியவர்கள் கை பழக இந்தப் பயணங்கள் வேண்டும்.

சரி, பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருந்தால்? தேதியை முன்கூட்டியே ஊராருக்குச் சொல்லலாம். மணிக்கூட்டுச் சன்னல்களுக்கு மரக்கதவு போட்டுச் சத்தத்தைக் குறைக்கலாம். பல இடங்களில் போட்டிருக்கிறார்கள். புகார் எழுதுவதற்கு முன் தேவாலயத்தில் இதைக் கேட்டுப் பாருங்கள்.

– ஒரு வாசகர், லெஸ்டர்