மிச்சமாகும் பணம் எந்தக் கரைக்கு வரும்? பாதுகாப்புத் துறை நிலைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நாடாளுமன்ற நிலைக்குழு உறுப்பினர்களே, வணக்கம்.

உச்சிப்புளியிலிருந்து எழுதுகிறேன். ராமேஸ்வரம் போகிற எல்லாரும் தாண்டிப் போகிற ஊர்தான். இங்கே கடற்படையின் விமானத் தளம் ஐ.என்.எஸ். பருந்து இருக்கிறது, பக்கத்தில் மண்டபத்தில் கடலோரக் காவல்படை. நான் ரோட்டோரம் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். தம்பி மண்டபத்தில் விசைப்படகுக்குப் போகிறவன். அதனால் டிவியில் யாராவது ராணுவச் செலவைக் குறைக்க வேண்டும் என்று பேச ஆரம்பித்தாலே எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் மூன்று கணக்கு ஓடும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமைதிக் காலத்தில் ராணுவச் செலவைக் குறைக்கத்தான் வேண்டும். வடக்கு எல்லையில் இன்று நிலைமை எப்படி என்று உங்களுக்குத்தான் தெரியும், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் என்றைக்குக் குறைத்தாலும், மிச்சமாகிற பணம் எந்த ஊரில் என்ன வேலையாக மாறும் என்று முன்கூட்டியே முடிவு செய்யாமல் குறைத்தால், அது எங்கள் மாதிரி ஊர்களின் அடுப்பைத்தான் அணைக்கும்.

எதிர்க்கரையில் இருக்கும் இலங்கையைப் பாருங்கள். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். அங்கே 2009 மே மாதமே போர் முடிந்துவிட்டது, ஆனால் படை பெரிதாகவே இருந்தது. 2022-ல் நாடே திவாலாகி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு படகேறி வந்தவர்கள் இந்தப் பக்கம் தனுஷ்கோடி அரிச்சல்முனையில் இறங்கினார்கள். அந்த நெருக்கடிக்குக் கடன், வரிக்குறைப்பு, உரத்தடை என்று பல காரணங்கள் உண்டு, ராணுவத்தை மட்டும் சொல்வது நியாயம் இல்லை. ஆனாலும் 2023 ஜனவரியில்தான், 2 லட்சத்துக்கும் மேல் இருந்த ராணுவத்தை 2024-க்குள் 1.35 லட்சமாகவும் 2030-க்குள் 1 லட்சமாகவும் குறைப்போம் என்று அந்த அரசு அறிவித்தது. பதின்மூன்று வருஷம் அமைதி இருந்தும் செய்யாததை, கஜானா காலியான பிறகு செய்ய வேண்டி வந்தது. கையில் காசு இருக்கும்போதே குறைத்திருந்தால், வீட்டுக்கு வருகிற சிப்பாய்க்கு ஒரு தொழிலாவது அமைத்துக் கொடுத்திருக்கலாம்.

பிலிப்பைன்ஸில் சுபிக் விரிகுடா என்று ஒரு இடம். பெரிய அமெரிக்கக் கடற்படைத் தளம் அங்கே இருந்தது, சுற்றுவட்டாரமே அதை நம்பித்தான் பிழைத்தது. 1992 நவம்பரில் அமெரிக்கர்கள் கிளம்பினார்கள். ஆனால் அந்தத் தளத்தை வணிக மண்டலமாக மாற்றும் சட்டத்தை அந்த வருஷம் மார்ச்சிலேயே போட்டுவிட்டார்கள். உள்ளூர் ஜனங்கள் சம்பளமில்லாமல் காவல் நின்று கட்டடங்களையும் இயந்திரங்களையும் காப்பாற்றினார்கள். 1995-ல் ஃபெட்எக்ஸ் கூரியர் நிறுவனம் தன் ஆசிய மையத்தை அங்கே தொடங்கியது. முதலில் சட்டம், அப்புறம்தான் வெளியேற்றம், நான் கேட்பது இந்த வரிசையைத்தான். அமெரிக்காவுக்குள்ளேயே தெற்கு கலிஃபோர்னியாவில் 1990-களின் தொடக்கத்தில் விமானத் தொழிற்சாலைகளுக்கு ராணுவ ஆர்டர் குறைந்தபோது, நாட்டின் மற்ற பகுதிகள் தேறிய பிறகும் அந்த மாநிலம் மந்தத்திலேயே கிடந்தது. நாட்டுக்கு மொத்தத்தில் லாபம்தான், 1998-ல் அமெரிக்க மத்திய அரசின் பட்ஜெட்டே உபரிக்கு வந்தது, ஆனால் நஷ்டம் முழுவதும் ஒரே இடத்தில் போய் விழுந்தது.

சரி, நம் கணக்குக்கு வருகிறேன். 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புத் துறைக்கு 6.81 லட்சம் கோடி, அதில் ஓய்வூதியம் மட்டும் 1.60 லட்சம் கோடி. இதைத்தான் பலர் வீண் சுமை என்று எழுதுகிறார்கள். ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள். தம்பிக்குக் கடல் இல்லை. மளிகைக்கடை அண்ணாச்சியின் நோட்டில் எங்கள் பக்கம் நிரம்பிக்கொண்டே போகும். மாதம் பிறந்ததும் அப்பா பென்ஷனை எடுத்துக்கொண்டு நேராக அந்தக் கடைக்குப் போவார், அண்ணாச்சி பேனாவால் ஒரு கோடு இழுத்து அடிப்பார். இந்தப் பணம் இந்த மாவட்டத்தை விட்டு வெளியே போவதில்லை. வெளிநாட்டில் வாங்கும் ஆயுதத்துக்குக் கொடுக்கும் காசு அப்படி இல்லை, உச்சிப்புளியில் ஒரு டீக்கடைக்குக்கூட அது வந்து சேராது. குறைப்பதாக இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள்.

அப்புறம் பணம் எங்கே வர வேண்டும் என்பது. 2017-ல் பாக் விரிகுடா மீனவர்களுக்கு ஆழ்கடல் மீன்பிடித் திட்டம் வந்தது. இழுவைப் படகுகளை விட்டுவிட்டு சூரை மீன் பிடிக்கும் தூண்டில் படகுக்கு மாற வேண்டும். படகு ஒன்று 80 லட்சம், 70 சதவீதம் மானியம், 2000 படகுகள் இலக்கு, மூன்று வருஷத்துக்கு மொத்தம் 1600 கோடி. ஒரு வருஷப் பாதுகாப்பு பட்ஜெட்டோடு வைத்துப் பார்த்தால் நூறு ரூபாய்க்கு 25 காசுகூட வராது. திட்டம் நல்ல திட்டம்தான், ஆனால் இலக்கின் பக்கத்தில்கூடப் போகவில்லை. மானியம் போக மீதி 24 லட்சத்தில் 8 லட்சம் கையிலிருந்து, 16 லட்சம் கடன். ஒரு ராத்திரி தங்கி விடியலில் கரை சேர்கிற தொழில் தெரிந்தவர்கள் வாரக்கணக்கில் நடுக்கடலில் நிற்கப் பழக வேண்டும். தம்பியின் முதலாளி ரெண்டு தடவை விசாரித்துவிட்டு விட்டுவிட்டார். கடனுக்கு அரசு ஜாமீன் நின்று, பழகும் காலத்துக்குப் படகாட்களுக்குச் சம்பளமும் கொடுத்திருந்தால் அவர் மாறியிருப்பார் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. அவர்கள் மாறினால் எல்லை தாண்டுவது குறையும், கைது குறையும், இந்தக் கடலில் ரோந்துக்கு ஆகும் செலவும் குறையும்.

அடுத்த முறை மானியக் கோரிக்கையை, அதாவது பாதுகாப்புத் துறை பட்ஜெட்டில் கேட்கும் பணக் கணக்கை, ஆய்வு செய்யும்போது, எந்தச் செலவைக் குறைக்கச் சொன்னாலும், அந்தப் பணம் அதே வருஷத்தில் எந்த மாவட்டத்துக்கு, எந்த வேலைக்குப் போகிறது என்பதையும் அறிக்கையில் சேர்த்து எழுதுங்கள். எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவை மண்டபத்துக்கு வாருங்கள், தடைக்காலத்தில் வாருங்கள். தம்பி கரையில்தான் இருப்பான், அவனே கூட்டிப்போய்க் காட்டுவான்.