கல்லுக்கிடங்கில குப்பை கொட்டாதேங்கோ: எங்கட பிரதேச சபைக்கு ஒரு திறந்த மடல்

தவிசாளர் ஐயாவுக்கும் உறுப்பினர்மாருக்கும் வணக்கம்.

ஊருக்குப் பின்னால கைவிட்டுக் கிடக்கிற சுண்ணாம்புக்கல் கிடங்கை குப்பை போட்டு மூடப்போறியள் எண்டு கதை அடிபடுது. குப்பை அகற்றுறது சபையின்ட பொறுப்பு, 1987ம் ஆண்டு பிரதேச சபைச் சட்டத்திலயே இருக்கு, கொட்ட இடமில்லாம நீங்கள் படுற பாடும் விளங்குது, ஆனா அந்தக் கிடங்கு மட்டும் வேண்டாம்.

வவுனியாப் பக்கம் கிண்டினா கருங்கல்லு. இலங்கையில பத்தில ஒம்பது பங்கு நிலம் அப்பிடியான பழம்பாறைதான். எங்கட மேற்குக்கரை வேற. பூநகரி, மன்னார், அங்கால யாழ்ப்பாணம் எல்லாம் மயோசின் காலத்துச் சுண்ணாம்புக்கல், 50 லட்சம் வருசத்துக்கும் முந்தி ஆழமில்லாத கடலுக்கடியில சிப்பியும் பவளமும் படிஞ்சு இறுகினது. கிடங்குக்குள்ள இறங்கி வெட்டின சுவரைக் கிட்டப்போய்ப் பாருங்கோ, சிப்பியின்ட வரி அப்பிடியே தெரியும், சில இடத்தில சிப்பி கரைஞ்சுபோய் அச்சு மட்டும் மிச்சம். பக்கத்திலயே கை நுழையிற அளவு ஓட்டையள்.

அந்த ஓட்டையளாலதான் பயம். மழைத்தண்ணி காபனீரொட்சைட்டைக் கரைச்சுக்கொண்டு இறங்கி இறங்கி கல்லை அரிச்ச வழியள் அது, எங்கட கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படியிறதும் அந்தக் கல்லுதான். மற்ற இடத்தில மண் தண்ணியை வடிச்சு விடும், கிடங்கில மண்ணை எப்பவோ வழிச்செடுத்தாச்சு, குப்பையில இருந்து ஊறுற கறுப்புத்தண்ணி வடிபடாமலே கிணத்துக்கு வந்திடும். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில கிணறுகளில எண்ணெய் கலந்தது ஞாபகம் இருக்கும், அங்கயும் இதே கல்லுத்தான்.

இன்னொண்டு, கரையோரத்தில நல்லதண்ணி உப்புத்தண்ணிக்கு மேல மிதந்துகொண்டுதான் நிக்குது. கடல்மட்டத்துக்கு மேல 1 அடி நல்லதண்ணி நிண்டா அதுக்குக் கீழ 40 அடி மட்டில இருக்கும் எண்டுறது கணக்கு, மேல கொஞ்சம் குறைஞ்சாலே கீழயிருந்து உவர் ஏறும். கல்லெடுக்கக் கிடங்கை ஆழமாக்கித் தண்ணியை இறைச்சா அப்பிடித்தான் குறையும், அதால திரும்பக் கல்லெடுக்க ஆரும் வந்தாலும் சபை எதிர்க்கவேணும், அனுமதி குடுக்கிறது சுரங்கப் பணியகம் எண்டு சொல்லிட்டுப் பேசாம இருக்காதேங்கோ.

செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. மாடு கண்டு விழாம விளிம்பைச் சுத்தி வேலி, நீர்வளச் சபையைக் கூப்பிட்டு சுத்திவரக் கிணறுகளைச் சோதிக்கிறது, சிப்பி தெரியிற சுவரைத் தொடாம விட்டு பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குக் காட்டுறது. புவிச்சரிதத்தைப் படத்தில மட்டும் பாக்கிற பிள்ளையளுக்கு இது எவ்வளவு பெரிய விசயம்!

முடிவெடுக்க முன்னம் ஒருக்கா எல்லாரும் நேர வந்து பாருங்கோ. மாரி தொடங்க முதல் வாங்கோ, பிறகு சுவரின்ட அடிப்பக்கம் தண்ணிக்குள்ள போயிடும்.