அலமாரியில் தங்கும் ஆய்வுகள்

ஆசிரியருக்கு,

மனநல ஆய்வு முடிவுகளைச் சிகிச்சைச் சேவைகளாக மாற்றுவதற்கென்றே பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வாளர் பணியிடம் உருவாக்கப்படுவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். 2015-16இல் பெங்களூருவிலுள்ள மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு, மனநலப் பாதிப்புக்கு உள்ளானோரில், நோய்க்கு நோய் வேறுபட்டு, 70 முதல் 92 விழுக்காட்டினர் வரை சிகிச்சை பெறவில்லை எனக் கண்டறிந்தது. அந்தக் கணக்கை ஊர் மருந்தகம்வரை கொண்டுசேர்க்கத்தான் இன்னும் ஆளில்லை.

காரைக்குடிக்கு அருகே எங்கள் தெருவில், பிள்ளைகளெல்லாம் வெளிநாடு சென்றுவிட, தனித்திருந்த எதிர்வீட்டு ஆச்சி, வளவு அறைகளைப் பூட்டிவிட்டு முகப்பிலேயே சுருண்டு கிடந்ததை முதுமை என்றே நாங்கள் ஈராண்டு எண்ணியிருந்தோம் (எங்கள் தவறும் அதில் உண்டு). தூக்கத்துக்கு மாத்திரை எழுதித்தந்த மருத்துவமனையிலும் மனச்சோர்வு பற்றி ஒரு கேள்வி எழவில்லை. அதனை அறிய ஒன்பதே கேள்விகள் கொண்ட வினாத்தாள் உலகெங்கும் புழக்கத்தில் உள்ளது. அழகப்பா பல்கலைக்கழகம் இத்தகைய பணியிடம் ஒன்றை ஏற்படுத்தி, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு தேடிவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்கள் அவ்வினாத்தாளையும் நம் வட்டாரப் பேச்சுத்தமிழில் கேட்கும் முறையை, முதலில் சாக்கோட்டை ஒன்றியத்தில் சோதித்துப் பார்க்கலாம்.

— வாசகர் ஒருவர், காரைக்குடி